கொட்டேஷனில் விடுபட்ட வரி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். ராம் எத்தனை ஜிபி, மானிட்டர் எத்தனை அங்குலம், யுபிஎஸ் என்ன விலை, எல்லாம் இருக்கும். அதன் முன்னால் உட்காரப்போகும் பிள்ளையின் கண், முதுகு, தூக்கம் பற்றி ஒரு வரி இருக்காது. "பையன் படிப்புக்குத்தான் சார்" என்று வாங்குகிறார்கள். சில மாதம் கழித்து, "கண் எரியுதுங்கிறான், ஆஃப் பண்ணச் சொன்னா கத்துறான், லாக் பண்ண ஏதாவது புரோகிராம் இருக்கா?" என்று எங்களைப் போன்ற சாஃப்ட்வேர் ஆட்களிடம் கேட்கிறார்கள்.

இருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி மூலம் நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். ஆனால் அது மணியைத்தான் பார்க்கும். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பிள்ளை கூன்போட்டு உட்கார்ந்திருப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் காஞ்சிபுரம் பக்கம் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. தங்கிப் படித்த மாணவர்களுக்குச் சாப்பாட்டோடு படுக்கப் பாய், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய், இரவுக்கு விளக்கு என்று அதில் ஒதுக்கீடு உண்டு. அவர்களும் கோயில் பணியாளர்களும் நோயில் விழுந்தால் 15 படுக்கைகளோடு 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலை, அதற்கு வைத்தியர், மருந்துகள். படிப்புக்குப் பட்ஜெட் போட்டபோதே உடம்புக்கும் போட்டிருக்கிறார்கள்!

கேம்ஸுக்காகக் கிராஃபிக்ஸ் கார்டு கேட்டால், அதற்கு முன் நல்ல நாற்காலி ஒன்று வாங்குங்கள் என்பேன். கால் எட்டவில்லையென்றால் கீழே ஒரு பலகை போடுங்கள். மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு மேலே போக வேண்டாம். கம்ப்யூட்டர் ஹாலிலேயே இருக்கட்டும். சாயங்காலம் வெளியே போய் விளையாடட்டும். வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

கத்துவதற்குப் பிள்ளையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும்படி எழுதியவர்கள் என் தொழில்காரர்கள்தான். யூடியூபில் ஆட்டோபிளேயை ஆஃப் செய்துவிட்டால் நிறுத்துவதற்கு ஓர் இடமாவது கிடைக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் தேவை. எப்போதாவது உறவினரோடு வீடியோ காலில் பேசுவது தவிர 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் செய்து எரிச்சல் நிற்கவில்லை, பள்ளியில் போர்டு தெரியவில்லை என்றால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். மானிட்டரின் பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்து மாதத்தை ஓட்டாதீர்கள்.