குற்றவாளி ஜிபிஎஸ் அல்ல

ஜெனீவா அருகே செர்ன் கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் உள்ள ஆய்வகம் வரை 730 கி.மீ. பாறையைத் துளைத்துப்போன நியூட்ரினோக்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி முந்தி வந்ததாக ஓபெரா குழு 2011 செப்டம்பரில் அறிவித்தது. சில மாதங்களில் பிழை பிடிபட்டது. இரு முனைக் கடிகாரங்களையும் இணைத்தது ஜிபிஎஸ் என்பதால், அன்றிலிருந்து “ஜிபிஎஸ் நேரம் சொதப்பிவிட்டது” என்றே பலரும் சொல்லி வருகிறார்கள். இது அநியாயம்.

முதல் வாதம்: காரில் ஐந்து மீட்டர் தடுமாறும் கருவிக்கு நானோநொடி எப்படிப் பிடிபடும்? ஒரு நானோநொடியில் ஒளி போவதே 30 செ.மீ.தான். கேள்வி நியாயமானது. ஆனால் கார் தன் இடம், நேரம் இரண்டையும் ஒன்றாகக் கண்டுபிடித்தாக வேண்டும். செர்னிலும் கிரான் சாஸோவிலும் ஆன்டெனா அசையாமல் நின்றது. அதன் இடம் அளந்து வைக்கப்பட்டது. தெரியாதது நேரம் மட்டுமே. அதோடு, இரண்டு இடத்திலும் ஒரே செயற்கைக்கோளை ஒரே கணத்தில் கேட்டார்கள். அதன் கடிகாரம் தவறினால் இரு பக்கமும் ஒரே அளவு தவறும், கழித்தால் போய்விடும். அயனி மண்டலத் தாமதமும் பெருமளவு அப்படியே கழியும்.

சார்பியலை மறந்துவிட்டார்கள் என்பது அடுத்த வாதம். நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி வரும் அந்தத் திருத்தம் ஜிபிஎஸ் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதையும் நம்பியிருக்கவில்லை: ஜெர்மனியின் அளவியல் நிறுவனம் தன் கருவியை இரு முனைக்கும் எடுத்துச் சென்று ஒப்பிட்டது. வித்தியாசம் சுமார் 2 நானோநொடி. 60 எங்கே, 2 எங்கே!

“ஜிபிஎஸ் கேபிள்தானே பழுது?” என்பார்கள். குழப்பத்தின் வேர் இதுதான். மலைக்கு வெளியே நேரம் சரியாகவே வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஆய்வகக் குகைக்குள் 8 கி.மீ.க்கு மேல் ஃபைபரில் போய், கடைசி இணைப்பில் கெட்டது. இணைப்பி முழுதாகத் திருகப்படவில்லை. உணர்விக்குக் குறைந்த ஒளியே விழுந்ததால் துடிப்பு மெல்ல எழுந்தது, 73 நானோநொடி பிந்தியே பதிவானது. கடிகாரம் பிந்தினால் துகள் முந்தியதாகத்தானே தெரியும்? குகைக்குள் இருந்த அலைவி ஒன்றிலும் எதிர்த்திசையில் சிறு பிழை இருந்தது. அதுவும் ஜிபிஎஸ் அல்ல.

2012 மே மாதம் மறுபடி அளந்தபோது கிரான் சாஸோவின் நான்கு உணர்கருவிகளிலும் ஒளியின் வேகமே கிடைத்தது. அப்போதும் இரு முனைக் கடிகாரங்களை இணைத்தது ஜிபிஎஸ்தான்.