கரி, சீஸ், சைக்கிள்

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். பாதி மலையில் இறங்கித் தள்ளுவீர்கள். (நான் அதற்கும் முன்பே!)

இப்படி மிதித்தே சோறு சாப்பிட்டவர் மாரிஸ் காரின். 1871-ல் இத்தாலியின் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்து, பிழைக்க பிரான்ஸ் போய், சின்ன வயசில் வீடு வீடாகப் புகைபோக்கியில் கரி சுரண்டிய ஆசாமி. ஒரு வட்டு சீஸ் வாங்கிக்கொண்டு அப்பாவே பையனை அனுப்பிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் கல்வராயனிலிருந்து வெளிமாநில வேலைக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். சீஸுக்கு அங்கே 'அட்வான்ஸ்' என்று பெயர்.

1903-ல் முதல் டூர் டி பிரான்ஸ். மொத்தம் 2,428 கிலோமீட்டர். முதல் கட்டம் மட்டும் 467. ஏறக்குறைய சென்னை டு மதுரை சார்! கியர் கிடையாது. ராத்திரி முழுக்க மிதித்து 17 மணி 45 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார். கிளம்பிய 60 பேரில் கடைசிவரை வந்தது 21. ஜெயித்த காரினுக்கும் அடுத்தவருக்கும் கிட்டத்தட்ட மூணு மணி நேர இடைவெளி. குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமே போடலாம்.

ஜெயித்தபோது அவர் பிரெஞ்சுக்காரர். குடியுரிமை கிடைத்ததோ 1901-ல்தான். பேர்பெற்ற பாரிஸ்-ரூபே பந்தயத்தை 1897, 1898 என்று ரெண்டு தடவை ஜெயித்த பிறகு! முதலில் கால், அப்புறம்தான் காகிதம்.

1904-லும் அவரே முதல். தில்லுமுல்லு என்று முதல் நாலு பேரையும் தள்ளிவிட்டு, ஐந்தாவதாக வந்த 19 வயசுப் பையனுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். காரினுக்கு ரெண்டு வருஷத் தடை.

பிற்பாடு லான்ஸ் ஊரில் சொந்தமாக ஒரு கராஜ் போட்டார். 85 வயசு வரை இருந்தார். கையில் கரி போய் கிரீஸ்!