அந்த ஃபைலைத் தொடாதீங்க தம்பி!

இந்த வாரம் வந்த ஒரு கேள்வி என்னை நேரா 1999-ல் கொண்டு போய் இறக்கி விட்டுடுச்சு.

இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி. பழைய டாஸ் கேம்ஸ் மேல பைத்தியம். காயலான் கடையில் ஒரு 486 கம்ப்யூட்டரைப் பிடிச்சிருக்கார். ஆச்சரியம், அது ஓடவும் செய்யுது! ஆனா அவருக்கு ஒரு குழப்பம்.

‘சார், ஹார்ட் டிஸ்க் மேல 210 எம்பின்னு ஸ்டிக்கர் இருக்கு. சி டிரைவ் 380 எம்பி காட்டுது. கூடவே ஹெச்-னு இன்னொரு டிரைவ். அதுல மறைச்சு வச்ச ஒரு ராட்சச ஃபைல். பேரு டிபிஎல்ஸ்பேஸ் புள்ளி 000. அதை அழிச்சா நிறைய இடம் கிடைக்கும் இல்ல?’

தம்பி, கையை எடுங்க! கீபோர்டை விட்டு ரெண்டடி தள்ளி நில்லுங்க. இதை நான் சும்மா சொல்லலை. அந்த ஃபைலை ஒருத்தன் அழிச்சு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த ஒருத்தன் நான்தான்.

காலேஜ் ஹாஸ்டல். ரூம்ல நாலு பேர். ஆளுக்கு ரெண்டாயிரம் போட்டு, சென்னை ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டில் ஒரு 486 வாங்கினோம். மானிட்டரை மடியில வச்சுக்கிட்டே ரயில்ல வந்தோம். நாலு பேரில் ஒருத்தனோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மொத்தமும் அதுலதான் இருந்தது. ப்ரோக்ராம், ரிப்போர்ட் எல்லாமே.

வைவாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மெஷின் ஆமை மாதிரி நகர ஆரம்பிச்சது. ‘வைரஸ்டா’ன்னு நான் தீர்ப்பு சொன்னேன். ரூமுக்கு நான்தானே எக்ஸ்பர்ட்! சுத்தமான ஃப்ளாப்பியில் பூட் பண்ணித்தான் வைரஸ் பார்க்கணும்னு எங்கேயோ படிச்சிருந்தேன். சீனியர்கிட்ட இருந்த டாஸ் 5 ஃப்ளாப்பியைப் போட்டு பூட் பண்ணேன். சி டிரைவைத் திறந்தா, எங்க ஃபைல் ஒண்ணு கூட இல்லை! மறைஞ்சிருக்கிறதையும் காட்டச் சொன்னா, ஏறக்குறைய டிஸ்க் சைஸுக்கே ஒரே ஒரு ஃபைல். எல்லாத்தையும் தின்னுட்டு வீங்கிக் கிடக்கிற வைரஸ் இதுதான்னு முடிவு பண்ணேன். அழிச்சேன். பெருமையா விண்டோஸ் 95 ஏத்த ஆரம்பிச்சேன்.

மெஸ்ஸுக்குப் போயிருந்த நண்பன் திரும்பி வந்தான்.

நான் அழிச்சது வைரஸ் இல்லை ஃப்ரெண்ட்ஸ். அந்த ஒரு ஃபைல்தான் எங்க சி டிரைவே.

எப்படின்னு கேக்கறீங்களா? 1990-களின் தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்க் யானை விலை. இருக்கிற டிஸ்க்கையே இரட்டிப்பா காட்ட ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஹாஸ்டல் நோட்டுல ஒரே வரியைத் திரும்ப எழுதாம ‘மேற்படி’ன்னு போடுவோமே, அதே டெக்னிக். ஃபைலுக்குள்ள ஏற்கெனவே வந்த எழுத்துத் தொடர் மறுபடி வந்தா, அதை எழுதாம ‘முன்னாடி இந்த இடத்தில் பார்’னு சின்னதா ஒரு குறிப்பு. இப்படிச் சுருக்கின எல்லா ஃபைல்களையும் ஒரே பெரிய ஃபைலுக்குள் அடுக்கி, அதையே சி டிரைவ்னு காட்டுவாங்க. நிஜமான டிஸ்க், ஹெச் மாதிரி வேற எழுத்தை வாங்கிட்டு ஓரமா உட்கார்ந்துக்கும். பூட் ஆகும்போதே ஒரு டிரைவர் ஏறி இந்த மாயத்தை நடத்தும். டாஸ் 5-க்கு அந்த டிரைவர் தெரியாது. அதனாலதான் என் கண்ணுக்கு மூட்டை மட்டும் தெரிஞ்சது, உள்ள இருந்த சாமான் தெரியலை.

இந்த வித்தையில் 1990-லேயே பேர் வாங்கினது ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ‘ஸ்டாக்கர்’. 1993-ல் மைக்ரோசாஃப்ட் தன் டாஸ் 6.0-வோடு ‘டபுள்ஸ்பேஸ்’ஸைச் சேர்த்துக் கொடுத்தது. எங்க பேட்டன்ட்டை மீறிட்டாங்கன்னு ஸ்டாக் கோர்ட்டுக்குப் போச்சு. 1994 பிப்ரவரியில் கலிஃபோர்னியா ஜூரி, ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், வர்த்தக ரகசிய விஷயத்துக்காக ஸ்டாக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கு 1.36 கோடி டாலர் தரணும்னு ஆச்சு. அப்புறம் சமரசம். டாஸ் 6.21-ல் டபுள்ஸ்பேஸ் காணாமப் போச்சு. 6.22-ல் வேற முறையில் சுருக்குற ‘டிரைவ்ஸ்பேஸ்’ வந்தது. விண்டோஸ் 95, 98 வரை அது தொடர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இந்த மூட்டையைத் திறக்கவே தெரியாது. அதுக்குப் பின்னாடி வந்ததுக்கும் தெரியாது.

சரி, தம்பி மாதிரி பழைய மெஷின் கிடைச்சவங்க, அப்பாவோட பழைய கம்ப்யூட்டரைப் பரண்ல இருந்து இறக்கினவங்க என்ன பண்ணணும்? வரிசையா சொல்றேன்.

ஒண்ணு: அடையாளம் பாருங்க. பூதாகாரமான ஃபைலின் பேர் டிபிஎல்ஸ்பேஸ் புள்ளி 000-ன்னா டபுள்ஸ்பேஸ். டிஆர்விஸ்பேஸ் புள்ளி 000-ன்னா டிரைவ்ஸ்பேஸ். ஸ்டாக்வால் புள்ளி டிஎஸ்கே-ன்னா ஸ்டாக்கர். பேரைப் பார்க்கலாம். அழிக்கவோ, பேர் மாத்தவோ, நகர்த்தவோ கூடாது.

ரெண்டு: முழு டிஸ்க்கையும் நகல் எடுங்க. முப்பது வருஷக் கிழ டிஸ்க், இன்னிக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. கழட்டி வேற கம்ப்யூட்டரில் மாட்டி, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலா எடுத்துடுங்க. 210 எம்பி எல்லாம் இன்னிக்கு பென் டிரைவின் ஒரு மூலைக்குப் போதாது! ஒரு எச்சரிக்கை: இவ்வளவு பழைய டிஸ்க் சிலது யுஎஸ்பி அடாப்டரில் பேசாது. அப்போ ஐடிஇ கேபிள் உள்ள ஒரு பழைய பென்டியத்தில் இரண்டாவது டிஸ்க்கா மாட்டி, லினக்ஸில் பூட் பண்ணி எடுக்கலாம். எடுத்த நகலை எமுலேட்டரில் ஏத்தி, கீழே சொல்ற எல்லாத்தையும் அங்கேயே ஒத்திகை பார்த்துடுங்க.

மூணு: பழைய மெஷினில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டுங்க. உடைஞ்ச மூட்டையைப் பிரிச்சா சாமான் சிதறும்.

நாலு: கணக்குப் போடுங்க. சுருக்கின நிலையில் 300 எம்பி ஃபைல் இருந்தா, பிரிச்ச பிறகு 210 எம்பி டிஸ்க்கில் எப்படி அடங்கும்? அதிகமா இருக்கறதை முதல்ல வெளியே காப்பி பண்ணி, அப்புறம் இங்கே அழிச்சு இடம் பண்ணுங்க. இன்னொண்ணு, சி டிரைவ் காட்டுற காலி இடமும் ஒரு உத்தேசம்தான். இனி வர்ற ஃபைல் பாதியா சுருங்கும்னு ஒரு நம்பிக்கையில் சொல்ற எண் அது. ஏற்கெனவே சுருக்கின ஜிப், ஜேபெக், எம்பி3 எல்லாம் மேற்கொண்டு சுருங்காது.

அஞ்சு: இப்போ பிரிங்க. ‘வெர்’னு டைப் பண்ணா டாஸ் வெர்ஷன் தெரியும். 6.2-ல் டிபிஎல்ஸ்பேஸ், 6.22-ல் டிஆர்விஸ்பேஸ். அந்தக் கட்டளைக்குப் பின்னாடி ஸ்லாஷ் போட்டு ‘அன்கம்ப்ரஸ்’னு கொடுத்து, டிரைவ் எழுத்தைச் சொன்னா வேலை ஆரம்பிக்கும். விண்டோஸ் 95, 98-ல் ஆக்சஸரீஸுக்குள் சிஸ்டம் டூல்ஸ், அதுக்குள் டிரைவ்ஸ்பேஸ். டாஸ் 6.0-ல் பிரிக்கிற வசதியே கிடையாது. எல்லாத்தையும் வெளியே காப்பி எடுத்துட்டு, நிஜ டிஸ்க்கை ஃபார்மட் பண்றதுதான் வழி. ஸ்டாக்கருக்கு இந்தக் கட்டளை எதுவும் செல்லாது. அதை அந்த மென்பொருளின் வழியிலேயே பிரிக்கணும்.

ஆறு: மணிக்கணக்கா ஆகும். கரண்ட் போகாத நேரமா பாருங்க, யுபிஎஸ் இருந்தா இன்னும் நல்லது. பாதியில் ‘ஹேங் ஆயிடுச்சு போல’ன்னு சுவிட்சை அணைக்கக் கூடாது. கடைசி மூட்டையும் பிரிஞ்ச பிறகு, டிரைவரை எடுத்துடலாமான்னு கேட்கலாம். அப்போ சரின்னு சொல்லுங்க. ஹெச் டிரைவ் போயிடும். சி டிரைவ் தன் நிஜ அளவான 210 எம்பிக்கே திரும்பிடும்.

அவ்வளவுதான் தம்பி, இடம் கூடாது, குறையும்! ஆனா இருக்கிறது நிஜமான இடம். இன்னொரு விஷயம். அந்த டிஸ்க்கில் முன்னாடி வச்சிருந்தவரோட கடிதமோ கணக்கோ இருந்தா, கேம்ஸுக்காக உடனே துடைச்சிடாதீங்க. கடைக்காரர்கிட்ட யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. உங்களுக்கு அது குப்பை. அவங்களுக்கு அது ஒரே பிரதியா இருக்கலாம்.

எங்க ரூம் கதை என்னாச்சு? அழிச்சதோட நிறுத்தியிருந்தா, அன்டெலீட் பண்ணி ஏதாவது மீட்டிருக்க வாய்ப்பு இருந்தது. நான் அதே இடத்தில் விண்டோஸை வேற எழுதிட்டேன். நண்பன் கத்தலை. கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மானிட்டரையே பார்த்தான். அப்புறம், ‘கைடுக்குக் கொடுத்த பிரின்ட் அவுட் இருக்குடா, போய் வாங்கிட்டு வா’ன்னான். அது மூணு வாரம் பழைய பிரின்ட் அவுட். அவன் படிக்கப் படிக்க நான் டைப் அடிச்சேன். எட்டு ராத்திரி. மீதியை அவன் ஞாபகத்திலிருந்து எழுதினான்.

வைவாவில் பாஸ் ஆயிட்டான். வெளியே வந்ததும் டீக்கடையில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்: ‘முதல்ல எழுதினது இதைவிட நல்லா இருந்துச்சுடா.’

திட்டியிருந்தா மறந்திருப்பேன். இப்பவும் எந்த கம்ப்யூட்டரில் ‘டெலீட்’டுக்கு விரல் போனாலும் அந்த வாக்கியம் காதில் விழுது. என்னன்னு புரியாத ஒரு ஃபைலைப் பார்த்தா, முதல்ல நகல். அப்புறம்தான் மத்ததெல்லாம். என்ன தம்பி, சரிதானே?