முக்கால் பங்கைத் தொலைத்தவர்கள்

பருவத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. 'விடியலில் எழு, குறிப்பைப் பத்து முறை படி' என்பது ஒன்று. 'மனப்பாடம் நம் மரபு தந்த நோய். அதனால்தான் மாணவர்க்குச் சிந்திக்க வரவில்லை' என்பது மற்றொன்று. முன்னது போதாது; பின்னது உண்மையன்று.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கல்விக்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கு. உடன் கற்பவரோடு பயில்வதால் வருவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். பாடத்தை மனத்தில் இருத்துவதை அந்நூல் விலக்கவில்லை. கேட்டதைச் சிந்தித்தல், வினாவுதல், விடையளித்தல் ஆகியவற்றோடு சேர்த்தே அதைச் சொல்கிறது. மனப்பாடத்தை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு மரபின் மேல் பழி போடுவது நம் வசதிக்காக.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவருள் ஒரு சாரார் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மறுசாரார் படித்தபின் அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முன்னவர் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்ததில் பின்னவரே முந்தினர். மறுவாசிப்பு நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். இரவில் தெரிந்ததுபோல் இருப்பது, தேர்வறையில் கைவிட்டுவிடுகிறது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் குறிப்புச் சொல்லி எழுதவைத்தேன். காற்பங்கைக் கொடுத்துவிட்டு முழுப்பங்குக்கு வினாத்தாள் அமைத்தேன். தோற்றவர்களிடம் 'உழைப்புப் போதவில்லை' என்றேன்.

'சேத்தியாத்தோப்பிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளைகளுக்குக் கூடிப் படிக்க நேரம் ஏது?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அம்மா நடவுக்குப் போனால் உலை வைக்க வேண்டியவள் எங்கள் மாணவி. ஓர் அரியர் விழுந்தால் 'படித்தது போதும்' என்றுவிடும் வீடுகளும் உண்டு. அதனாலேயே, இருக்கும் நேரத்தை வீணாக்கும் முறை அவளுக்குக் கட்டுப்படியாகாது.

சென்ற பருவத்தில் சிதம்பரம் பேருந்தில் ஒருத்தி, நின்றபடியே தோழிக்கு வேற்றுமைத்தொகைக்கும் அன்மொழித்தொகைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் தடுமாறினாள், குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள், மூடிவிட்டு மறுபடி தொடங்கினாள். வகுப்பில் நான் ஒரு மணி நேரம் சொல்லி வராதது அந்தத் தடுமாற்றத்தில் வந்தது.

பேருந்தில் நடப்பது வகுப்பில் நடக்கக் கூடாதா? ஒவ்வொரு வகுப்பிலும் இறுதிப் பதினைந்து நிமிடம் ஆசிரியர் அமர்ந்து, மாணவர் ஒருவர் எழுந்து பாடம் சொல்லட்டும். 'பகுதி முடியாது' என்பார்கள். நாம் முடித்த பகுதிகளில் மாணவர் கையில் எஞ்சியது எவ்வளவு என்று முதலில் கணக்குக் காட்டுவோம்.