ஒப்பந்த வாக்கும் இனி வரும் விமானியும்

ஐக்கிய அமெரிக்காவின் விமானக் கம்பனிகளிலே, நிருவாகமும் தொழிற்சங்கமும் பேசி முடித்த கூட்டு ஒப்பந்தம் விமானிகளின் வாக்குக்கு விடப்படும்போதெல்லாம் ஓர் அறிவுரை தவறாது ஒலிப்பதுண்டு. சம்பளம் எவ்வளவு கூடுகின்றதென்று பார். அயற் கம்பனி கொடுப்பதோடு ஒப்பிடு. எஞ்சியுள்ள சேவைக் காலத்தாற் பெருக்கு. இலாபமெனின் ஆமென்று வாக்களி என்பதே அது. கணக்கிலே பிழையில்லை. ஆனால் இக்கணக்கு, கூட்டு ஒப்பந்தத்தைத் தனியொருவர் சந்தையிலே செய்யும் கொள்வனவாகக் கருதுகின்றது. வாக்களிக்கும் விமானி தமது சம்பளத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. இன்னும் வேலைக்கே சேராத, ஆதலால் வாக்குரிமையே இல்லாத ஒருவரின் சம்பளத்தையும் அவரே தீர்மானிக்கின்றார். அந்த மற்றவரை மறந்து அளிக்கப்படும் வாக்கு, அளித்தவரையே திருப்பித் தாக்கும் என்பதற்கு அந்நாட்டு வரலாறே சான்று.

1978 ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் சட்டத்தினால் நீக்கப்பட்டன. குறைந்த கூலிக்கு ஆள் அமர்த்திய புதிய கம்பனிகள் களத்தில் இறங்கின. 1983 செப்டெம்பரில் கொன்ரினென்ரல் கம்பனி வங்குரோத்துச் சட்டத்தின் கீழ்ப் புகலிடந் தேடி, தொழிற்சங்கங்களோடு செய்திருந்த ஒப்பந்தங்களை ஒரே வீச்சில் உதறித் தள்ளியது. அவ்வச்சம் அடங்குமுன்னரே, அதே ஆண்டில், றொபேட் கிரான்டல் தலைமை வகித்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் தனது விமானிகளின் முன் வேறொரு திட்டத்தை வைத்தது. இன்றுள்ள எவரது சம்பளமும் குறைக்கப்படமாட்டாது. இனிச் சேர்வோர் மட்டும் ஏறத்தாழ அரைவாசியாகத் தொடங்கும் தாழ்ந்த அளவுத்திட்டத்திற் சம்பளம் பெறுவர் என்பதே அதன் சாரம். ‘பி’ அளவுத்திட்டம் என்று பின்னர் பெயர்பெற்றது இதுவே. விமானிகள் அதனை ஏற்றனர். இழப்பதற்கு அவர்களிடம் எதுவுங் கேட்கப்படவில்லையல்லவா!

இத்திட்டத்தை இன்றும் மெச்சுவோர் உளர். கம்பனி வளர்ந்தது, புதிய விமானங்கள் வந்தன, துணை விமானிகள் விரைவிலே தலைமை விமானிகளாயினர் என்பர். வளர்ந்தது உண்மை. அவ்வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே கேள்வி. ஒரே விமானியறையில், ஒரே வானிலையில், ஒரே பொறுப்பைச் சுமந்து அமர்ந்திருந்த இருவர் இருவேறு அளவுத்திட்டங்களிலே கூலி பெற்றனர். மலிவான கைகள் பெருகப் பெருக, விலை கூடிய பழைய கைகள் நிருவாகத்துக்குச் சுமையாகத் தோன்றுவது இயல்பே. இன்னொன்றையும் மெச்சுவோர் எண்ணுவதில்லை. அப்புதியவர்கள் என்றும் வாக்கில்லாதவர்களாய் இருக்கப்போவதில்லை. சில ஆண்டுகளில் அவர்களும் சங்கத்தின் வாக்காளர்களே. தம்மை விற்றவரின் ஓய்வூதியத்தைக் காக்க அவர்கள் எதற்காகக் கை உயர்த்த வேண்டும்?

இதே திட்டத்தை யுனைற்றெட் கம்பனி கொண்டுவந்தபோது அதன் விமானிகள் வேறுவிதமாக முடிவு செய்தனர். 1985 மே 17 இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 29 நாட்கள் நீடித்தது. வேலைநிறுத்தக் காலத்திற் பயன்படுத்துவதற்கென ஏறத்தாழ 570 புதிய விமானிகளைக் கம்பனி முன்கூட்டியே பயிற்றி வைத்திருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மறியற் கோட்டைத் தாண்ட மறுத்துவிட்டனர். கிடைத்த வேலை கைநழுவும் என்பது தெரிந்தே மறுத்தனர். அவர்களை ஏற்பதற்குக் கம்பனி பின்னர் மறுத்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இரட்டை அளவுத்திட்டத்தை அவ்வேலைநிறுத்தம் முற்றாக ஒழித்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதன் ஆயுளைக் குறுக்கியது, அவ்வளவே. எனினும் அதனைப் போராடாமல் ஏற்றவர்களின் நிலையோடு ஒப்பிடுகையில் இது சிறு பேறன்று.

‘பிடிக்காவிட்டால் வேறு கம்பனிக்குப் போகலாமே’ என்பது வெளியே நின்று பார்ப்போரின் கேள்வி. விமானித் தொழிலிற் சேவைமூப்பு எண்ணே எல்லாம். எந்த விமானம், எந்த ஆசனம், எந்த வழி, எந்த நாள் விடுமுறை என்பன யாவும் அவ்வெண்ணாலேயே முடிவாகின்றன. கம்பனி மாறுபவர் அவ்வெண்ணை எடுத்துச் செல்ல முடியாது. இருபது ஆண்டு அனுபவமுள்ள தலைமை விமானியும் புதிய இடத்திலே கடைசி ஆளாகவே தொடங்குவார். ஆகவே ஒருமுறை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தாழ்ந்த படி, அதில் ஏறியவரை ஆண்டுக்கணக்காகப் பிணித்து வைக்கின்றது.

‘பி’ அளவுத்திட்டம் மறைந்துவிட்டது, இனி எதற்குப் பழங்கதை என்பாரும் உளர். அது மறையவில்லை, வேலியைத் தாண்டி அடுத்த வளவுக்குப் போயிற்று. பெருங் கம்பனியின் பெயரையும் நிறத்தையும் பூசிய சிறு விமானங்களைப் பிராந்தியக் கம்பனிகள், தாழ்ந்த கூலி பெறும் விமானிகளைக் கொண்டு பறக்கவிடுகின்றன. எந்தப் பறப்பை எந்தக் கம்பனியின் விமானி செலுத்துவது என்பதை வரையறுக்கும் எல்லைப் பிரிவு ஒப்பந்தத்தில் முக்கியம் பெறுவது இதனாலேயே. 1997 பெப்ரவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகள், பிராந்திய ஜெற் விமானங்களை யார் செலுத்துவது என்ற பிணக்கிலேதான் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொடங்கிய சில நிமிடங்களுள் ஜனாதிபதி கிளின்ரன் தலையிட்டு அதனை நிறுத்தினார். 2009 பெப்ரவரி 12 இல் பவலோ நகருக்கருகே வீழ்ந்து 50 உயிர்களைப் பலிகொண்ட விமானம், கொன்ரினென்ரலின் பெயரிற் கொல்கன் என்ற பிராந்தியக் கம்பனி செலுத்தியதாகும். விமானம் வேகங்குன்றி எச்சரித்தபோது தலைமை விமானி தவறாகச் செயற்பட்டமையே விசாரணையிற் காணப்பட்ட காரணம். ஆயினும் அதே விசாரணையில், துணை விமானியின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 16,000 டொலரே என்பதும், அவர் சியற்றிலிருந்து இரவோடிரவாக நாட்டைக் குறுக்கே கடந்து பணிக்கு வந்தார் என்பதும் வெளிவந்தன. மலிவான இரண்டாம் படி எத்தகைய வாழ்வைத் தருகின்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நிராகரிப்பது ஆபத்து என்ற வாதமே வலிமையானது. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அச்சுறுத்துவோர் கூறும் ஆபத்தும் உண்மையான ஆபத்தும் ஒன்றல்ல. 1926 ஆம் ஆண்டின் புகையிரதத் தொழிற் சட்டம் 1936 இல் விமானக் கம்பனிகளுக்கும் விரிக்கப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் ஒருநாளிற் காலாவதியாவதில்லை. புதியது வரும்வரை பழைய நிபந்தனைகளே தொடரும். மத்தியஸ்த சபை கைவிட்டு, அதன்பின் 30 நாட்கள் கழிந்தாலன்றி வேலைநிறுத்தமும் இல்லை. ஆகவே ‘இல்லை’ என்னும் வாக்கு மறுநாட் காலையில் வேலையைப் பறிப்பதன்று. 2022 நவம்பரில் யுனைற்றெட் விமானிகளுள் வாக்களித்தோரில் 94 வீதத்தினர் முன்வைக்கப்பட்ட ஒப்பந்தத்தை நிராகரித்தனர். 2023 மார்ச்சில் டெல்ரா விமானிகள் நான்காண்டுகளில் 34 வீத உயர்வு பெற்றனர். அதே ஆண்டு செப்டெம்பரில் யுனைற்றெட் விமானிகளும் அதற்குக் குறையாத ஒப்பந்தத்தை 97 வீத ஆதரவோடு ஏற்றனர்.

மறுபக்கமும் உண்டு. 2023 ஜூலையில் பெடெக்ஸ் சரக்கு விமானிகள் 57 வீதத்தினர் 30 வீத உயர்வைக் கொண்ட ஒப்பந்தத்தை நிராகரித்தனர். இரண்டாண்டுகள் கழிந்தும் புதியது கைக்கெட்டவில்லை. காத்திருந்த காலமெல்லாம் பழைய சம்பளமே. இதைச் சுட்டிக்காட்டி நகைப்போர், தாமதத்தின் நட்டத்தை யார் ஏற்றார் என்பதைக் கவனிப்பதில்லை. வாக்களித்தவர்களே ஏற்றனர். 1983 இல் ஆமென்றதன் நட்டத்தையோ வாக்களிக்காதவர்கள் ஏற்றனர். தம் பையிலிருந்து கொடுப்பதற்கும் பிறர் பையிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சதவீதக் கணக்கும் காட்டாது.

இதனால் வரும் ஒப்பந்தமெல்லாம் நிராகரிக்கப்பட வேண்டும் என்பதன்று. வாசிக்கும் ஒழுங்கு மாற வேண்டும் என்பதே வாதம். கையொப்பத்தோடு கிடைக்கும் நிலுவைப் பணம் முதற் பக்கத்திலே பெரிதாகக் காட்டப்படும். முதலாண்டு விமானியின் சம்பளமும் எல்லைப் பிரிவும் உள்ளே எங்கோ கிடக்கும். அவற்றை முதலிற் படித்து, அங்கே குறையில்லையெனக் கண்டபின் நிலுவையை எண்ணுவதே முறை. கட்டாய ஓய்வு வயதான 65 ஐ நெருங்கும் தலைமை விமானிக்கு இது கசக்கும்; இன்னொரு பேச்சுவார்த்தை முடியுமுன் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அவரது தயக்கம் விளங்கக்கூடியதே. ஆனால் 1985 இல் மறியற் கோட்டுக்கு வெளியே நின்ற அந்த 570 பேருக்கு யுனைற்றெட் கம்பனியில் ஒருநாட் சேவைகூட இருக்கவில்லை.