துடுப்பும் கூழாங்கல்லும்

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேனாடு' என்பர். நிலாக்கால இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவி நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதில் வைத்து அந்தப் பாட்டைக் கேட்பது எமது பகுதியின் நெடுநாள் வழக்கம். ஒலி கேட்பதற்கென மனிதர் கையாளும் விசித்திரமான துணைக்கருவிகளுள் அத்துடுப்பும் ஒன்று. ஆனால் அது வேலை செய்கிறது. ஏன் என்பதும் தெரியும். நீரில் எழும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றுக்குள் நுழையும். எஞ்சியது நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மரமோ அதனை நேரே செவிக்குக் கடத்துகிறது. 1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட், தோணியின் மரத்தில் காதை வைத்ததும் ஒலி பெருகியதாக 1859 இல் வெளியான தமது இலங்கை நூலில் எழுதினார்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைத் தமது இசையறைக்கான 'மேம்பாட்டுப் பொருள்களில்' போட எண்ணி என்னிடம் கருத்துக் கேட்டார். அதனாலேயே துடுப்பின் நினைவு வந்தது.

இச்சந்தை வியப்புக்குரியது. அறையின் மூலையில் வைத்தால் இசை தெளிவுறும் என்று குடுவையில் அடைத்த படிகக் கற்கள் 'பிரில்லியன்ட் பெபிள்ஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டன. இறுவட்டின் விளிம்பில் பூசப் பச்சை மைப் பேனா வந்தது. 2007 இல் 12 அடி நீளமுள்ள ஒரு சோடி ஸ்பீக்கர் வடத்தின் விலை 7,250 அமெரிக்க டொலர். அதனைச் சாதாரண நல்ல வடத்திலிருந்து செவியால் மட்டும் பிரித்தறிவோருக்குப் பத்து இலட்சம் டொலர் தருவதாக ஜேம்ஸ் ரண்டி அறைகூவினார். சோதனை நடைபெறவேயில்லை.

"கருவி அளக்க முடியாததைக் காது கேட்கும்" என்பர் இவற்றை ஆதரிப்போர். நல்லது, காதையே நீதிபதியாக்குவோம். நீங்கள் கண்ணை மூடியிருங்கள். வேறொருவர் நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி குடுவையை வைக்கட்டும் அல்லது எடுக்கட்டும். 16 தடவைகளில் 12 தடவை சரியாகச் சொன்னால் நான் தலைவணங்குகிறேன். வெறும் ஊகத்தால் அவ்வளவு சரிவர நூற்றுக்கு நான்கிலும் குறைந்த வாய்ப்பே உண்டு. இதில் மானியும் இல்லை, வரைபடமும் இல்லை, காது மட்டுமே. இதற்கும் அஞ்சுபவர் பாதுகாப்பது காதின் பெருமையையன்று, விலைச்சீட்டையே.

அறை முக்கியமன்று என நான் சொல்லவில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895 இல் ஆய்வைத் தொடங்கிய வாலஸ் சபைன், எதிரொலி மிகுந்த ஒரு மண்டபத்தில் ஓர் ஓர்கன் குழாயையும் ஒரு கடிகாரத்தையும் வைத்து அளந்தார். ஒலி அடங்க ஏறத்தாழ ஐந்தரை வினாடி சென்றது. அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்க அடுக்க அந்நேரம் குறைந்தது. மெத்தையும் விசித்திரமான துணைக்கருவிதான். ஆனால் எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி என்று அவரால் சொல்ல முடிந்தது.

ஆகவே ஆசிரிய நண்பருக்கு என் பதில் இது: சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவருமான உங்கள் அறைக்குத் தடித்த கம்பளம், கனத்த திரைச்சீலை, நிறைந்த புத்தக அலுமாரி போதும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் கேளுங்கள். பிறகும் கற்குடுவை வேண்டுமென்றால், பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் அந்த 16 தடவைச் சோதனையைக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சேமநிதி உங்கள் முப்பது வருட உழைப்பு.