மலிவான கூடாரமும் மாசிப் பனியும்

கூடாரத்தைப் பற்றி எழுதத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்கு என்ன உரிமை உண்டு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். சென்ற மாசித் திங்களில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகத் தா.பழூர்ப் பக்கம் சென்ற நாற்பதின்மருள் யானும் ஒருவன். முதல் இரவிலேயே நனைந்தவருள்ளும் ஒருவன். இவ்வுரிமை போதுமென்று எண்ணுகிறேன்.

முகாம் என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளிற் படுத்துறங்குவதே வழக்கம். பொதுத்தேர்வு நெருங்கிய காலமாதலின், பிள்ளைகளின் அறைகளை ஏழு நாள் நாம் பிடித்துக்கொள்ளுதல் முறையன்று என்று எம் பொறுப்பாசிரியர் கருதினார். பந்தல் போடவோ பணமில்லை. ஆகவே நால்வர் படுக்கத்தக்கதென்று சொல்லப்பட்ட கூடாரங்கள் பத்து, ஒன்று ஆயிரத்தைந்நூறு ரூபாய் வீதம் வாங்கப்பட்டன. திரும்பி வந்தபின் விடுதியில் எழுந்த பேச்சு இரண்டே. அடுத்த முறை பதினாயிரம் கொடுத்து நல்ல கூடாரம் வாங்க வேண்டும் என்பது ஒன்று. பழையபடி பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. அந்த ஆயிரத்தைந்நூறு ரூபாய்க் கூடாரமே நமக்குப் போதும். அதன் இயல்பை அறியாமற் சென்றது எம் குற்றம். அதை அதன் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று.

நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். கொள்ளிடத்துக்கு வடக்கே, அறுவடை முடிந்த வயலொன்றில் எமக்கு இடம் தந்தார்கள். ஆர்தர் காட்டன் 1836 இல் கட்டுவித்த கீழணை நிற்கும் அணைக்கரை அங்கிருந்து தொலைவன்று. வண்டல் நிலம்; ஈரம் எளிதிற் காயாதது. அன்றிரவு வானில் மேகம் மருந்துக்கும் இல்லை. குளிர் தாங்காமல் கூடாரத்தின் வாயிலையும் பலகணிகளையும் இறுக மூடிக்கொண்டு நால்வரும் படுத்தோம். விடியற்காலையில் மேல்துணியிலிருந்து நீர் சொட்டியது; சுவரோரம் கிடந்தவை யாவும் ஈரம். அங்கே கிடந்தவற்றுள் என் குறிப்பேடும் ஒன்று. அன்று மாலைதான் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பாடிய நடவுப் பாடல்களை அதில் எழுதியிருந்தேன். மைப்பேனாவால் எழுதினாலன்றித் தமிழ் வாராது என்னும் வீம்பு எனக்கு உண்டு. அவ்வீம்பின் பயனாகப் பதினொரு பக்கம் நீலக் குளமாகிவிட்டது.

"கூடாரம் ஒழுகுகிறது" என்று பத்துக் கூடாரத்தாரும் ஒருமுகமாகக் கூவினோம். மழையே பெய்யாதபோது எங்ஙனம் ஒழுகும் என்று எம்முள் ஒருவருக்கும் தோன்றவில்லை!

அதைக் கேட்டவர் பக்கத்து வயலிற் கிடை போட்டிருந்த கீதாரி. இராமநாதபுரத்துப் பக்கத்தினின்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு, தை மாசி அறுவடைக்குப்பின் காவிரி நாட்டு வயல்களிற் கிடைகட்டி, மழைக்காலத்துக்கு முன் ஊர் திரும்புவோர் அம்மரபினர். ஆட்டெருவுக்காக நிலத்துக்குரியோர் கூலி கொடுப்பர். ஆண்டிற் பாதிக்கு மேல் அவர்களுக்குக் கூரை வானமே. பெரியவர் எம் கூடாரத்துள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"மழை பேயலையே தம்பி, எப்படி நனைஞ்சீங்க?"

"பனி ஐயா" என்றேன்.

"பனி வெளியில பேயும். உள்ள பேஞ்சது நீங்க விட்ட மூச்சு."

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நாம் அறிந்த பழமொழியே. ஆயினும் அவர் சொன்னதன் உண்மை பின்னர்ப் படித்தபோதே முழுதும் விளங்கிற்று. ஒரு மனிதன் ஓரிரவிற் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகின்றான். நால்வர் என்றால் ஒரு லிட்டர். தெளிந்த வானத்தின்கீழ் நிற்கும் மெல்லிய துணி தன் வெப்பத்தை வானுக்கு விட்டுச் சுற்றுக்காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. அக்குளிர்ந்த துணியில் உள்ளாவி படிந்து துளியாகிறது. பூச்சுப் பூசிய பாலியெஸ்டர் துணி வெளிநீரை உள்ளே விடாது. அக்காரணத்தாலேயே உள்நீரையும் வெளியே விடாது. விலை மிகுந்த கூடாரங்களில் துணி இரண்டடுக்கு. உள்ளடுக்கு ஆவியைப் புகவிடும். மேலடுக்கில் அது படிந்து வழியும். மலிவானதில் அடுக்கு ஒன்றே. உச்சியிற் குல்லாய் போன்ற சிறு மூடி மட்டும் உண்டு.

இதற்கு மருந்து பணமன்று. கதவைத் திறந்து வைத்தலே மருந்து. காற்று வரும் பக்கத்தில் ஒரு சாண், எதிர்ப்பக்கத்தில் ஒரு சாண். குளிருமே என்பீர்கள், குளிருக்குக் கம்பளி உண்டு, நனைந்த கம்பளிக்கு ஒன்றும் இல்லை. மரத்தடியிற் பனி குறைவு என்பதையும் கீதாரி காட்டினார். இலைக்கூட்டம் வானத்தை மறைப்பதால் அடியிலுள்ள துணி அவ்வளவு குளிர்வதில்லை. இடிமின்னற் காலத்தில் மரத்தடி ஆகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

அவருடைய உறையுள் எப்படிப்பட்டது? இரண்டு கவைக்கோல், நடுவே இழுத்த ஒரு கயிறு, கயிற்றின்மேல் ஒரு தார்ப்பாய், இருபுறமும் கல்லும் முளையும். முன்னும் பின்னும் திறப்பு. கீழே வைக்கோல், அதன்மேல் பழைய சாக்கு. தார்ப்பாயில் எண்ணற்ற ஒட்டு. பக்கத்திற் குட்டிகளை அடைக்கும் கூடு. மனிதரும் குட்டியும் உலர்ந்தே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் இரவில், காலமல்லாக் காலத்தில், ஒரு மணி நேரம் மழை பெய்தது. அப்போதுதான் எம் கூடாரங்களின் உண்மையான குறைகள் வெளிப்பட்டன. அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. துணியின்மேல் நீர்த்தூண் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நின்றாற் கசியும் என்பதே கூடாரத் துணியின் அளவுகோல். எம்முடையவற்றில் ஆயிரம் என்று அச்சிட்டிருந்தது. கூரைக்கு அது போதும். தரைக்குப் போதாது. ஈரமண்ணின்மேல் ஒருவன் முழந்தாளிட்டால் அவ்வழுத்தம் ஒரு மீட்டர் நீர்த்தூணை எளிதிற் கடந்துவிடும். அதனால் மழையிலும் எமக்கு ஈரம் முதலில் கீழிருந்தே வந்தது. அடுத்து வந்தது தையல்வழி. ஊசி புகுந்த துளை ஒவ்வொன்றும் ஒரு மதகு. நல்ல கூடாரங்களில் தையலின்மேல் ஒட்டுப்பட்டை இட்டிருப்பர். எம்முடையவற்றில் அஃது இல்லை. துணியின் பூச்சுக்கேற்ற தையற்பசையைப் பட்டப்பகலில் தையல் நெடுகத் தடவிக் காயவிட்டிருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கும்.

மறுநாள் ஜெயங்கொண்டத்துக் கடைத்தெருவிற் போய்த் தார்ப்பாய்கள் வாங்கி வந்தோம். கூடாரத்துக்குமேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிற்றிற் கட்டியதும் ஓரடுக்கு ஈரடுக்காயிற்று. துணியோடு ஒட்டினால் பயனில்லை. நடுவே காற்று ஓட வேண்டும். தரைக்கும் ஒன்று விரித்தோம். இதில் ஒரு நுட்பம் உண்டு: தரைவிரிப்பின் விளிம்பு கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே ஓரங்குலமும் நீளக்கூடாது. நீண்டால் கூரைநீரை ஏந்திப் படுக்கைக்கு அடியிற் கொண்டுவந்து தேக்கும். எம்முள் ஒருவர் தாராளமாக நான்கு புறமும் ஓரடி நீளவிட்டு, அன்றிரவு வாய்க்கால் தெளிக்கத் தண்ணீர்ப் பானையை எடுத்தபோது தம் படுக்கைக்கடியிலேயே குளம் கண்டார். இழுகயிற்றின் வழியாக நீர் உள்ளே வழியாதிருக்க, துணிக்கு அருகே ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுவதையும் கீதாரியிடமே கற்றோம். நீர் அந்நூலின் வழியே கீழே சொட்டிப்போகிறது.

பாசறையைப் பற்றி நாம் படியாதவர் அல்லேம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு நூற்றுமூன்று அடியே ஆயினும், அதிற் கார்காலத்துப் பாசறை கண்முன் நிற்கிறது: தழை வேய்ந்த குடில்கள், முள்வேலி, கயிறும் திரையும் கொண்டு இரண்டு அறையாக்கிய அரசனின் பள்ளி. அச்சொற்களின் பொருளை வகுப்பில் ஒரு வாரம் ஆராய்ந்தோம். கார்காலத்தில் அத்திரை எங்ஙனம் நனையாதிருந்தது என்று ஆசிரியரும் கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை. கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரத்தொழில் செய்த பவுலை எத்தனையோ பிரசங்கங்களிற் கேட்டிருக்கிறோம். அவர் கையிற் பிடித்த ஊசியைப் பற்றி ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. புத்தகத்தின் பொருளைக் கையால் தொடாத குறை நம் படிப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கொள்ளிடத்து மணலிற் கூடாரம் அடிக்கலாமே என்று சிலர் அன்று ஆசைப்பட்டனர். மாசியிற் பார்த்தால் அம்மணற்பரப்பு சாதுவாகத்தான் கிடக்கும். ஆடி ஆவணியில் அந்த ஆறு வேறு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையிற் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன என்பதை நினைவிற் கொள்வோர் ஆற்றின் படுகையிற் படுக்கை விரியார். மேட்டு நிலமே நன்று. ஊரார் காட்டும் மேடு இன்னும் நன்று.

இனி என் முதன்மையான குறைபாட்டுக்கு வருகிறேன். முகாம் முடிந்த காலையிற் பேருந்து காத்திருந்தது. பனியில் நனைந்திருந்த பத்துக் கூடாரங்களையும் அவ்வண்ணமே சுருட்டிப் பையில் திணித்து வந்தோம். வந்து நம் கல்லூரிப் பண்டசாலையில் எறிந்தோம். கூடாரத்தைக் கொல்வது மழையன்று, இதுவே. ஈரத்தோடு மடித்த துணியிற் பூஞ்சணம் பிடிக்கும். உட்பூச்சு நாளடைவில் நெகிழ்ந்து, பிசுபிசுத்து, நாறி, உரியத் தொடங்கும். பதினாயிரம் ரூபாய்க் கூடாரத்துக்கும் இதே கதிதான். வாங்கியவர் நாம், ஈரத்தோடு மடித்தவர் நாம். பின்னர் "மலிவுச் சரக்கு" என்று பழித்தவரும் நாமே. கீதாரியின் ஒட்டுப்போட்ட தார்ப்பாய் ஐந்தாம் ஆண்டு என்றார். ஒவ்வொரு நாளும் வெயில் ஏறியதும் அதைத் திருப்பிப் போட்டு உலர்த்திய பின்னரே ஆட்டை ஓட்டுவார். நமக்கு ஏழு நாள் விளையாட்டு; அவருக்கு அது வீடு.

நிழலிற் காற்றாட விரித்துத் தையலும் மூலையும் கையில் ஈரந்தட்டாத வரை காயவிடுவது அரைநாள் வேலை. கடுவெயிலிற் பல நாள் கிடத்தினால் துணியின் வலிமை கெடும். ஆதலின் அரைநாளே போதும். அதைச் செய்ய மனமில்லாதவர்க்கு எவ்விலைக் கூடாரமும் வேண்டா. அவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் அறைக்கே போகட்டும் என்று சினத்தில் எழுதிவிட்டேன். அதை அடிக்கவும் மனமில்லை.

நனைந்த ஏட்டோடு மறுநாள் மாலை அம்மூதாட்டியிடம் மீண்டும் போனேன். நீலமாய்ப் பரந்த பக்கங்களைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பாடினார், ஆனால் முந்தின நாள் பாடிய ஒன்பதில் ஏழே வந்தன. எஞ்சிய இரண்டுக்கும் நெடுநேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். "வந்தா வரும் ராசா. நடவு நட்டுக்கிட்டு இருந்தா தானா வந்திடும். இப்ப எங்க நடுறோம்?" என்றார். அவ்விரண்டின் முதற்சொற்கள்கூட எனக்கு நினைவில்லை. இம்முறை பென்சிலால் எழுதி, ஏட்டைப் பிளாஸ்டிக் பையிற் கட்டி, கூடாரத்தின் நடுவே தலைமாட்டில் வைத்தேன்.

இக்கட்டுரையை எழுதும் நாளில், பண்டசாலையிலிருந்த பத்துக் கூடாரங்களுள் நான்கை விடுதி மொட்டைமாடியில் விரித்து உலர்த்தி, பூஞ்சணத்தைத் துடைத்து வைத்துள்ளோம். இரண்டில் நாற்றம் இன்னும் நீங்கவில்லை. எஞ்சிய ஆற்றுக்கு வரும் ஞாயிறு பிற்பகல் ஆள் வேண்டும். இதுவரை பெயர் கொடுத்தவர் மூவர்.